டர்போ லாரி இன்ஜினுக்கு ஆயில் கேட்ச் கேன் தேவையா? சோதிப்பதில் தொடங்கி மாட்டுவது வரை முழு வழிகாட்டி

டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிகிறது. உடனே பலரும் தேடுவது கேட்ச் கேன், அதாவது இன்ஜின் புகையில் கலந்து வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா. வாங்கி மாட்டியும் விடுகிறார்கள். கொஞ்ச நாளில் கேன் நிரம்பி வழிகிறது, இல்லையென்றால் டர்போ முன்பைவிட அதிகமாக ஆயில் தள்ளுகிறது. இந்த இரண்டுமே வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வருகிற தொல்லைகள்.

கேன் மாட்டுவது இந்த வேலையின் பின்பாதி. ஆயில் எங்கிருந்து வருகிறது, பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் குழாய்) வழி எப்படி அமைந்திருக்கிறது, கிராங்க்கேஸில் (கிராங்க் சுற்றும் இன்ஜினின் அடியறையில்) அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் முன்பாதி. அதை ஒழுங்காகச் செய்தால், பல வண்டிகளுக்குக் கேன் வேண்டியதே இல்லை என்று தெரிந்துவிடும். வேண்டும் என்று தெரிந்தால், எப்படிப்பட்ட கேன் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

டீசல் லாரிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டர்போ பெட்ரோல் பிக்கப்புகளுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: அந்தப் புகைக்கு வெளியேற வழி வேண்டும்

சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு பகுதி எப்போதும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். புது இன்ஜினிலும் இறங்கும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். கிராங்க்கேஸில் தெறிக்கிற ஆயில் இந்த வாயுவோடு கலந்து மூடுபனி போல ஆகிறது. கூடவே நீராவியும் கரியும் இருக்கும். இது வெளியேறத்தான் பிரீதர்.

பிரீதர் வழி அடைபட்டால் முதலில் பாதிக்கப்படுவது டர்போ. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் பிரஷரோடு போகிறது. ஆனால் திரும்பி வருவது வெறும் புவியீர்ப்பால், ரிட்டர்ன் பைப் வழியாகச் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு. சம்ப்பில் அழுத்தம் ஏறினால் அந்த ஆயில் இறங்காது. பேரிங் அறையில் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கமோ சைலன்சர் பக்கமோ கசியும். நன்றாக இருக்கிற டர்போவுக்கு ‘சீல் போச்சு’ என்று பெயர் வந்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லா அடியும் தானாகப் புரியும். ஆயிலைப் பிடிக்கிறேன் என்று பிரீதர் வழியைக் குறுக்கக் கூடாது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் முதலில். கிராங்க்கேஸ் அழுத்தத்தின் எல்லை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்பதால் பொதுவான ஓர் எண்ணை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்து ஒரு மானோமீட்டர். குறைந்த அழுத்தம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கண்ணாடி போலத் தெரியும் ஒரு குழாயை எழுத்து ‘ப’ வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு முனை இன்ஜினுக்கு, மறுமுனை திறந்த காற்றுக்கு. இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. 1 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 102 மி.மீ. தண்ணீர் உயரம். குழாயின் இரண்டு கைகளும் நல்ல உயரமாக இருக்கட்டும். சில இன்ஜின்களில் கிராங்க்கேஸ் லேசாக உறிஞ்சும், தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது.

வண்டியில் இருக்கிற ஆயில் ஊற்றும் மூடியின் அளவிலேயே பழைய மூடி ஒன்றும் வேண்டும். அதில் துளையிட்டு நிப்பிள் பொருத்தி, மானோமீட்டர் குழாயை மாட்டுங்கள். பலர் டிப்ஸ்டிக் குழாயில் மாட்டப் பார்க்கிறார்கள். சில இன்ஜின்களில் அந்தக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கி இருக்கும், அளவு சரியாகக் காட்டாது. மூடி வழிதான் நம்பகமானது.

இவற்றோடு வெளிச்சம், சுத்தமான துணி, ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பின்னால் வருகிற ஒப்பீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

3. பிரீதர் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தேடுங்கள்

டேப்பெட் கவரிலோ பிளாக்கின் பக்கவாட்டிலோ தொடங்கும் பிரீதர் ஹோஸைக் கடைசி வரை தொடர்ந்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

குழாய் கீழே தரையைப் பார்த்து திறந்தபடி முடிந்தால், அது திறந்த அமைப்பு. ஆயில் மூடுபனி டர்போவுக்குள் போகவே இல்லை. இன்டர்கூலரில் ஆயில் இருந்தால் அது பிரீதர் வழியாக வந்ததில்லை. கேன் மாட்டினாலும் இன்டர்கூலர் காயாது.

குழாய் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தால், மூடிய அமைப்பு. டர்போ தன் உறிஞ்சலால் அந்தப் புகையை இழுத்துக்கொள்கிறது. கேட்ச் கேன் பற்றிய கேள்வியே பெரும்பாலும் இந்த வண்டிகளுக்குத்தான்.

வழியில் உருண்டையான அல்லது டப்பா போன்ற ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். புதிய கனரக இன்ஜின்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ஒரு செப்பரேட்டர் வைத்திருப்பார்கள். ஒன்று, மாற்றக்கூடிய ஃபில்டர் உள்ள வகை. இன்னொன்று, உள்ளே அடுக்கடுக்கான தட்டுகள் வேகமாகச் சுழன்று ஆயிலை வெளியே வீசும் வகை. இரண்டும் சந்தையில் விற்கிற சாதாரண கேனைவிட நன்றாக வேலை செய்பவை. இருக்கிறது என்றே தெரியாமல், அதற்குப் பின்னால் இன்னொரு கேனைத் தொங்கவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் வகையாக இருந்தால் அதை மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அடைத்த ஃபில்டர் கிராங்க்கேஸ் அழுத்தத்தை ஏற்றும், டர்போவில் ஆயில் கசியும். ஃபில்டரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடக்கூடும்.

டர்போ பெட்ரோல் பிக்கப்பில் இரண்டு வழிகள் இருக்கும். ஸ்லோவிலும் (ஆக்சிலரேட்டர் மிதிக்காத ஓட்டம்) மெதுவான ஓட்டத்திலும் பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் புகையை விடும் ஒருவழி வால்வு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒன்று. பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஏறியதும் அது மூடிக்கொள்ள, டேப்பெட் கவரிலிருந்து டர்போவின் வாய்க்குப் போகும் இன்னொன்று. ஒன்றில் மட்டும் கேன் வைத்தால் மற்ற நேரத்தில் வருகிற ஆயில் பிடிபடாது. இரண்டு குழாய்களையும் இப்போதே அடையாளம் கண்டு குறித்துவையுங்கள்.

4. இன்டேக்கில் இருக்கும் ஆயிலைப் பாருங்கள், அளவிடுங்கள்

ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் ஆயில் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அதன் மூலம்.

பிரீதர் வந்து சேரும் இடத்துக்கு முன்பு காய்ந்தும், அதற்குப் பிறகு ஈரமாகவும் இருந்தால் பிரீதர் வழி ஆயில். டர்போவின் வாய் காய்ந்திருந்து, வெளியேறும் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போவின் சீலைத் தாண்டி வருகிறது. அந்த ஆயிலைக் கேன் பிடிக்க முடியாது. கேன் இருப்பது வேறொரு குழாயில்.

இன்டர்கூலரின் அடியில் விரல் வைத்தால் மெல்லிய படலமாக ஒட்டுவது மூடிய அமைப்பில் இயல்பு. அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஹோஸைச் சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால் கவனிக்க வேண்டியது. டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலே எரிபொருள். தேங்கிய ஆயில் ஒரேயடியாக உள்ளே போனால் இன்ஜின் தானாக வேகம் எடுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வரும் வழியை அடைத்தால்தான் நிற்கும். அடைக்கப் பலகை அல்லது தட்டு எடுங்கள், கையையோ துணியையோ அல்ல.

தேங்கிய ஆயிலை வடித்து, அளவு ஜாடியில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் இன்டர்கூலரையும் குழாய்களையும் கழுவி, முழுவதும் காயவைத்து மாட்டுங்கள். சுத்தம் செய்யாமல் கேன் போட்டால் பழைய ஆயில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கேன் வேலை செய்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவிய சால்வென்ட் உள்ளே ஈரமாக மிஞ்சினால் அதையும் இன்ஜின் எரிக்கும், அதனால் காய்வதற்கு நேரம் கொடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அடைத்த ஃபில்டர் இருந்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி, பிரீதரிலிருந்தும் சீலிலிருந்தும் ஆயிலை இழுக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா? அதிகமாக ஊற்றிய ஆயிலைக் கிராங்க் கடைந்து பிரீதருக்கு அனுப்பும். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிகளில் கரியை எரிக்கும்போது டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறுவதும் உண்டு. இந்த மூன்றும் பெரிய செலவு இல்லாமல் தீர்கிறவை.

5. கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளவிடுங்கள்

இந்த அடியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து புகையைப் பார்த்துவிட்டு ‘பேக் கம்ப்ரஷன் இருக்கு’ என்று முடிவு கட்டுகிறார்கள். மூடியைக் கவிழ்த்து வைத்து அது துள்ளுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். அடியில் ராக்கர்கள் ஆடும் வேகத்தில், நல்ல இன்ஜினிலும் மூடி கொஞ்சம் துள்ளும்.

இன்ஜினை முழு வேலைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரிங் இடைவெளி அதிகம், நீராவியும் அதிகம். அளவு பொய் சொல்லும். துளையிட்ட மூடியை இறுக்கி, மானோமீட்டரை மாட்டி, மூன்று நிலைகளில் பாருங்கள்: ஸ்லோவில், லோடு இல்லாமல் அதிக வேகத்தில், லோடோடு மேட்டில் ஏறும்போது. மூன்றாவதுதான் உண்மையான நிலை. அதற்கு நீண்ட குழாயை கேபினுக்குள் கொண்டுவந்து டிஜிட்டல் மீட்டரில், ஓட்டுபவர் அல்லாத ஒருவர் படிக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டியிருந்தால் உடனே ரிங் என்று முடிவு செய்யாதீர்கள். பிரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே ஸ்லோவிலும் அதிக வேகத்திலும் மறுபடி பாருங்கள். அழுத்தம் சட்டென விழுந்து, கழற்றிய வாயில் புகை மெல்லியதாகவே வந்தால், அடைப்பு ஹோஸிலோ செப்பரேட்டரிலோ இருக்கிறது. கழற்றிய வாயில் புகை பலமாக அடித்தால், உள்ளே உற்பத்தியே அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைவாக இருப்பதால் மட்டும் இன்ஜின் நலம் என்று சொல்லிவிட முடியாது. அகலமான பிரீதர் இருந்தால் தேய்ந்த இன்ஜினிலும் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அதனால்தான் உற்பத்தியாளர்கள் குறிப்பிட்ட துளை அளவுள்ள கருவியைப் பிரீதர் வாயில் மாட்டி அளக்கச் சொல்கிறார்கள். மேனுவலில் அப்படி இருந்தால் அதே கருவியையே பயன்படுத்துங்கள்.

6. அதிகமான வாயு எங்கிருந்து வருகிறது

லாரிகளில் ரிங் தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. புதியவர்கள் இவற்றை மறந்துவிட்டு இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள்.

முதலாவது பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர். அதன் ரிங் தேய்ந்தால், அழுத்திய காற்று நேராக இன்ஜின் சம்ப்புக்குள் இறங்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஏர் டேங்க்கை வடித்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். டேங்க் ஏறிக்கொண்டிருக்கும்போது மானோமீட்டரைப் பாருங்கள். டேங்க் நிரம்பி கவர்னர் வெட்டி ‘புஸ்’ என்று சத்தம் கேட்டதும் கம்ப்ரசர் சும்மா சுற்றும். அந்த நொடியில் தண்ணீர் மட்டம் தெளிவாக இறங்கினால், வாயு வருவது கம்ப்ரசரிலிருந்து. இன்ஜின் வேகத்தை இரண்டு முறையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு பயன்படாது.

இரண்டாவது டர்போ. சீல் தேய்ந்திருந்தால் பூஸ்ட் காற்றும் சைலன்சர் வாயுவும் ரிட்டர்ன் பைப் வழியாகச் சம்ப்புக்கு வரும். இதற்கான சோதனையில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி வேறு பாத்திரத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும். சூடான ஆயில், சுழலும் இன்ஜின், பக்கத்தில் சூடான மேனிஃபோல்ட். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டும் இல்லையென்றால் கம்ப்ரஷன் சோதனை. புகை சீராக வராமல் தாளம் போட்டு வந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறு. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் வேலை, அந்தப் புகைக்குக் கேன் தேடுவது அல்ல.

7. இப்போது முடிவெடுங்கள்

இன்ஜின் தேய்ந்திருந்தால் கேன் வேண்டாம். தேய்ந்த இன்ஜினின் கேன் சீக்கிரம் நிரம்பும், நிரம்பிய கேன் ஒரே மூச்சில் டர்போவுக்குள் ஆயிலைக் கொட்டும். வெறும் குழாய் இருந்ததைவிட இது மோசம்.

தொழிற்சாலை செப்பரேட்டர் இருந்து, அது வேலை செய்துகொண்டிருந்தால் கேன் வேண்டாம். அதைக் கவனித்துக்கொண்டால் போதும். சில புதிய வண்டிகளில் கிராங்க்கேஸ் அழுத்த சென்சாரும் இருக்கும். நடுவில் எதையாவது சேர்த்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

திறந்த அமைப்பாக இருந்தால் இன்ஜினுக்காகக் கேன் தேவையில்லை. சேஸிலும் தரையிலும் ஆயில் சொட்டுவது தொல்லையாக இருந்தால், நல்ல அகலமான காற்றுவாய் உள்ள கேனைக் குழாயின் முடிவில் வைக்கலாம்.

மூடிய அமைப்பு, உள்ளே ஒரு சாதாரணத் தடுப்புத் தகடு மட்டும், கூடவே இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் அமைப்பு), இன்ஜினின் அளவுகள் எல்லாம் எல்லைக்குள். இந்த வண்டிக்குத்தான் கேன் உண்மையில் உதவும். இஜிஆர் கொண்டுவரும் கரி காய்ந்திருந்தால் பெரும்பகுதி கடந்து போய்விடும். ஆயிலோடு சேர்ந்தால்தான் இன்டேக் மேனிஃபோல்டில் தார் போல ஒட்டுகிறது. ஆயிலைக் குறைத்தால் ஒட்டுவது குறையும். கரி வருவது நிற்காது, ஏற்கெனவே ஒட்டியதும் போகாது. நீண்ட நேரம் ஸ்லோவில் நிற்கும் வண்டிக்கும், எப்போதும் முழு லோடில் ஏறும் வண்டிக்கும் பலன் அதிகம்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் தெளிக்கும் டர்போ பெட்ரோல் பிக்கப்புக்கும் பலன் உண்டு. இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை என்பதால் ஆயில் வால்விலேயே வெந்து படிகிறது. இன்டேக் போர்ட்டில் தெளிக்கும் வகைக்கு இந்தக் கவலை குறைவு.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியா? எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூடிய அமைப்பைத் திறந்துவிட்டு, புகையை வெளிக்காற்றில் விடுவது பல நாடுகளில் சாலை வண்டிகளுக்குச் சட்டப்படி கூடாது. கேபினுக்குள் அந்த வாடை வருவதும் ஓட்டுபவர் உடலுக்கு நல்லதல்ல. எனவே இனி சொல்வதெல்லாம் கேனிலிருந்து மறுபடி இன்டேக்குக்கே போகும் அமைப்புக்குத்தான்.

8. கேனைத் தேர்ந்தெடுப்பது

முதலில் வாயைப் பாருங்கள், அப்புறம்தான் கேனைப் பாருங்கள். காருக்குச் செய்த கேன்களில் நிப்பிளின் உள்விட்டம் 10 மி.மீ. அளவில் இருக்கும். லாரியின் பிரீதர் 25 மி.மீ. இருந்தால், வழி ஆறில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். வெளியே தெரியும் ஹோஸ் பெரிதாக இருந்து பயனில்லை. நிப்பிள், எல்போ, உள்ளே இருக்கும் துளை என எல்லாவற்றிலும் மிகச் சிறிய இடம் எதுவோ அதுதான் உண்மையான அளவு. வெர்னியர் வைத்து உள்ளே அளந்து பாருங்கள்.

அடுத்து உள்ளமைப்பு. வெறும் டப்பாவில் உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வாயு ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறிவிடும். தடுப்புத் தகடும் வடிகட்டும் ஊடகமும் வேண்டும். கம்பி வலை பெரிய துளிகளைப் பிடிக்கும். ஆனால் டீசல் கிராங்க்கேஸ் ஆயிலில் நிறையத் துளிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவற்றைப் பிடிக்க, சிறு துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கிச் சொட்டவைக்கும் நார் ஃபில்டர் உள்ள வகை தேவை. கனரக வண்டிக்கு அதையே வாங்கச் சொல்வேன்.

நார் ஃபில்டர் ஒரு நாள் அடைக்கும். அதனால் அடைத்தால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு இல்லாத கேனை வாங்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை உள்ளே திணிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதன் துணுக்குகள் பிய்ந்து டர்போவின் சக்கரத்துக்குப் போகும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

9. எங்கே, எப்படிப் பொருத்துவது

இடத்தை முதலில் அட்டைப் பெட்டி ஒன்றைக் கேன் அளவுக்கு வெட்டி வைத்துப் பாருங்கள். கேபின் சாய்க்கும் லாரியாக இருந்தால் சாய்த்து இறக்கியும் பாருங்கள்.

கேன், பிரீதர் வாய்க்குக் கீழே இருக்க வேண்டும். இன்ஜினிலிருந்து கேனுக்கு வரும் ஹோஸ் முழுவதும் சரிவாக இறங்கட்டும். கேனிலிருந்து டர்போவின் வாய்க்குப் போகும் ஹோஸ் முழுவதும் ஏறட்டும், வழியில் படியும் ஆயில் கேனுக்கே திரும்பி வரும். நடுவில் எங்கும் தொய்வு விழக் கூடாது. தொய்வில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி அடைப்பாகும். உறைபனி விழும் இடங்களில் அதுவே பனிக்கட்டியாகி வழியை மூடும், அப்புறம் டிப்ஸ்டிக் வெளியே துப்பப்படும், இல்லையென்றால் கிராங்க் ஆயில் சீல் போகும். குளிரான இடத்தில் ஓடும் வண்டிக்கு ஹோஸைக் குட்டையாக வைத்து, வெப்பத் தடுப்பு சுற்றுங்கள்.

டர்போவுக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் மேலேயோ பக்கத்திலேயோ வைக்கக் கூடாது. சொட்டு ஆயில் அங்கே விழுந்தால் தீ. பிராக்கெட் தடித்த இரும்பாக இருக்கட்டும். நிரம்பிய கேனின் எடையோடு லாரியின் அதிர்வும் சேர்ந்தால் மெல்லிய தகடு வெடித்துவிடும். சேஸில் பொருத்தினால் இன்ஜின் ஆடுவதற்கு ஏற்ற தளர்வை ஹோஸில் விடுங்கள்.

ஹோஸ் ஆயிலைத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டை வெட்டிப் போடுவது எல்லோருக்கும் சுலபமாகத் தோன்றும். அந்த ரப்பர் ஆயிலில் ஊறி வீங்கி, உள்பக்கம் உப்பி வழியைச் சுருக்கிவிடும். டர்போ பக்கத்து ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிப்போகாத தடிமனாகவும் இருக்கட்டும்.

திரும்பிச் சேரும் இடம் ஏர் ஃபில்டருக்குப் பிறகு, டர்போவுக்கு முன்பு. காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் அதற்கும் பிறகு. பழைய இணைப்பு வாயையே பயன்படுத்தினால் இதில் தவறே வராது. டர்போவுக்குப் பின்னால் இணைத்தால் பூஸ்ட் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் போய் எல்லா சீலையும் தள்ளிவிடும். பெட்ரோல் பிக்கப்பில் பிசிவி வால்வையும் செக் வால்வையும் எடுத்துவிடாமல், அதன் திசை மாறாமல் வையுங்கள்.

பிடித்த ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பிவிடலாமா என்று கேட்பார்கள். தொழிற்சாலை அமைப்புகள் செக் வால்வு வைத்து அப்படிச் செய்கின்றன. நாம் மாட்டும் கேனில் தண்ணீரும் எரிபொருளும் கலந்திருக்கும். கையால் வடிப்பதே நல்லது.

10. மாட்டிய பிறகு மறுபடி அளவிடுங்கள்

ஐந்தாவது அடியில் செய்த அதே மூன்று அளவுகள், அதே சூட்டில், அதே வேகத்தில், முடிந்தால் அதே மேட்டில். நோட்டில் உள்ள பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். லோடில் அழுத்தம் தெளிவாக ஏறியிருந்தால் ஹோஸோ நிப்பிளோ சிறியது, அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. மேனுவல் எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஃபில்டர் ஆயிலில் நனைய நனைய அந்த எண் இன்னும் ஏறும்.

ஒரு முழு நாள் ஓட்டத்துக்குப் பிறகு கிளாம்ப்புகளைத் திரும்ப இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் அமர்ந்து தளரும்.

11. வடிப்பதும் எழுதிவைப்பதும்

முதல் முறை 500 கி.மீ.யில் திறந்து பாருங்கள். அப்புறம் 1000 கி.மீ.யில். எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்ததும், கேன் பாதிக்கு மேல் நிரம்பாதபடி இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், குளிர், குட்டையான ஓட்டம் என்றால் இடைவெளியைக் குறையுங்கள். தண்ணீர் அதிகம் சேரும் காலம் அது.

வடித்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். மேலே கறுப்பு ஆயில், அடியில் கலங்கிய தண்ணீர் எனப் பிரியும். காபி நிறத்தில் நுரைத்த கலவை குளிரில் இயல்பு. சூடான நாளில் நெடுந்தூரம் ஓடிய பிறகும் தண்ணீர் நிறைய வந்து, கூலன்ட் மட்டமும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்தால் இன்ஜெக்டர்களைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் இன்ஜினில் திரும்ப ஊற்றாதீர்கள். கழிவு ஆயில் சேகரிப்பவரிடம் கொடுங்கள், சாக்கடையில் அல்ல.

தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி, லோடு எப்படி என்று நான்கே விவரங்கள். ஒரே மாதிரி ஓட்டத்தில் அளவு ஒரே சீராக வந்துகொண்டிருந்து திடீரென இரட்டிப்பானால், கேனைப் பெரிதாக்காமல் ஆறாவது அடிக்குத் திரும்புங்கள். முதலில் பிரேக் கம்ப்ரசர், அடுத்து டர்போ, கடைசியில் ரிங். நேர்மாறாக, அளவு திடீரென நின்றுபோனாலும் நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். ஃபில்டர் அடைத்து ரிலீஃப் வால்வு வழியாக எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது எங்கோ ஹோஸ் கழன்றிருக்கலாம்.

ஃபில்டரை மாற்றினாலும், ஆயிலின் வகையை மாற்றினாலும் நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். இன்ஜினை ரீபோர் செய்தோ ரிங் மாற்றியோ இறக்கினால், ரிங் படிந்து சேரும் வரை பேக் கம்ப்ரஷன் அதிகமாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து அளவை வைத்து எதையும் முடிவு செய்யாமல், படிந்த பிறகு மானோமீட்டரை மாட்டிப் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.